வரிசையில் கடைசி ஆள்

"கல்லு!" என்று கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பாமலே கத்தினார்.

பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவள் "சரி" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதலில் "கல்லு" என்று இன்னொரு தடவை கேட்டது, அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்தே. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, நன்றாகத் தள்ளி, அவளுடைய மெல்லிய குரலில், "சரி".

பாவம், புதுசு, பதற்றத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நிறுத்தும்போது சொல்லிக்கொடுக்கலாம் என்று பெடலை மிதித்தார்.

அந்த ஊர் சைக்கிள்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவார்கள். ஆற்றை ஒட்டியே இருபது கிலோமீட்டர், அப்புறம் மலை ஏற்றம், மறுபக்கம் ஒரே இறக்கமாக இறங்கி மறுபடியும் ஆறு. அந்த ஆறு பாறைகளில் விழுந்து புரள்கிற ஆறு. பல இடங்களில் அதன் இரைச்சலில் முன்னால் போகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த ஆளைத் தாண்டிக் கேட்காது. அதனால் முதல் ஆள் கல்லையோ பள்ளத்தையோ மாட்டையோ பார்த்தால் கத்துவார். இரண்டாவது ஆள் அதை வாங்கி அப்படியே பின்னால் கத்துவார். அவர் மூன்றாவது ஆளுக்கு. கடைசி ஆள் மட்டும் திருப்பிக் கத்த மாட்டார். "சரி" என்பார். எனக்குப் பின்னால் யாருமில்லை, செய்தி முடிந்தது என்று அதற்கு அர்த்தம். வரிசைக்கு எப்போதும் முன்னால் போகிற பெரியவர் முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர். "வந்தத கொடுத்தாகணும்யா. எனக்குப் புடிக்காத ஆளுன்னு லெட்டர கையிலயே வெச்சுக்க முடியுமா?" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்ணாடி வில்லையை அரை மில்லிமீட்டர் பிசகாமல் சட்டத்துக்குள் உட்கார வைக்கிற கை. ஊரில் பாதிப் பேருடைய கண் அவர் புண்ணியத்தில்தான் தெரிகிறது என்று கேலி பேசுவார்கள். பின்னால் வருகிறவள் அவருடைய தம்பியின் மனைவி. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. தம்பி செத்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது.

இந்தச் சாலையில்தான் செத்தான். அவன் போன நாலாம் மாசம் அவள் ஒரு சைக்கிள் வாங்கினாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நடைபாதையில் விழுந்தாள், முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள், மறுபடி ஏறினாள். போன வாரம் கடைக்கு வந்து, சாமான்கள் பரப்பிய மேசைக்கு எதிரில் நின்று, "அத்தான், அந்தப் பாலத்த நான் பாக்கணும். அவரு போன மாதிரியே போய்ப் பாக்கணும். நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவர் கையிலிருந்த வில்லை மேசையில் விழுந்து விளிம்பு உடைந்தது. முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

சாலை ஆளரவமில்லாமல் கிடந்தது. மத்தியானம் பெய்த தூறலில் தார் கறுத்து மினுங்கியது. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் மலையின் ஈரமான பாறைச் சுவர், அதில் கசிந்து வழிகிற தண்ணீர், அழுகின இலை வாசனை. மணி நாலுதான். ஆனாலும் மலைமேலிருந்து மூடுபனி மெதுவாக இறங்கி, எதிரே தெரிந்த வளைவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. அந்த விபத்துக்கு அப்புறம் குழுவில் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை, வேறு பாதைக்கு மாறிவிட்டார்கள்.

"பள்ளம், இடது!" என்று கத்தினார்.

"பள்ளம், இடது!" பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து. அப்புறம் தள்ளி, "சரி."

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு பஸ் நிழற்குடை உண்டு. அங்கே இறங்கினார்கள். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அவர் சிரிக்க முயன்றார்.

"நல்லாத்தான் ஓட்டுற. ஒண்ணே ஒண்ணு. நீ கடைசி ஆளு இல்லியா? கல்லு, பள்ளம்னு திருப்பிக் கத்த வேண்டாம்மா. 'சரி'ன்னா போதும்."

அவள் போத்தலை மூடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் 'சரி' மட்டுந்தானே அத்தான் சொல்றேன்? நீங்கதான் எதையும் ரெண்டு தடவ சொல்றீங்க. மொத தடவ தூரமா கேக்குது, சரியா புரியல. ரெண்டாந்தடவ கிட்டத்துல நல்லா கேக்குது. எனக்காகத்தான் வேகத்தக் கொறச்சு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

பாறைச் சுவரில் பட்டு எதிரொலிக்கும், மலையில் அதெல்லாம் சகஜம் என்று அவர் பொதுவாக எதையோ முணுமுணுத்தார். ஆனால் ஆற்றுப் பக்கம் சுவரே இல்லாத இடத்தில்கூட அல்லவா கேட்டது?

"போன் கொண்டாந்திருக்கியா?" என்று பேச்சை மாற்றினார். "மேல பனி ஜாஸ்தியா இருக்கும் போல. தவறிட்டா கூப்பிடலாம்."

"நான் போன் வெச்சுக்கிறதில்ல அத்தான். உங்களுக்குத் தெரியாதா?" அவள் தன் கைகளைப் பார்த்தபடி பேசினாள். "அடிச்சாலே எழுந்து போயிடுறேன். ஆஸ்பத்திரில போன எடுக்கச் சொன்னா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட தள்ளி விடுறேன். அன்னிக்கு என்ன பெரிய விஷயத்துக்கா கூப்பிட்டேன்? குழாய் ஒழுகுது, வரும்போது ஆள கூட்டிட்டு வாங்கன்னு. மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷம் காதுல நான் பேசாம இருந்திருந்தா, நீங்க கத்தினது அவருக்குக் கேட்டிருக்கும். நீங்க அவ்வளவு கத்தியிருக்கீங்க. பாழாப்போன என் வாயி."

"அப்படிச் சொல்லாத" என்றார்.

இதைத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு இவளை அழைத்து வந்ததே அதற்குத்தான். அவர் கத்தவில்லை.

அன்றைக்கு டீ குடிக்க நின்ற இடத்தில் தம்பி எல்லார் முன்னாலும், "எங்கண்ணனுக்கு இனிமே மூணு சக்கர சைக்கிள்தான் சரிப்பட்டு வரும்" என்று சொல்லிவிட்டான். பத்துப் பேர் கொல்லென்று சிரித்தார்கள். தம்பி வாய்த்துடுக்கு, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆனால் ஏனோ அன்றைக்கு அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கிளம்பிய பிறகு தம்பி வேண்டுமென்றே கடைசிக்கு வந்து அவர் பின்னால் ஒட்டிக்கொண்டான். "அண்ணே, கோவமா? சும்மா சொன்னேண்ணே. அண்ணே." அவர் திரும்பவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிதித்தார். இறக்கத்தில் தம்பிக்கு போன் வந்தது. கொஞ்சம் பின்தங்கினான். பாலத்துக்கு முன்னால், வரிசையில் கைமாறி கைமாறி அந்தச் சொல் வந்தது: "பள்ளம்!" அவருக்கு நன்றாகக் கேட்டது. பின்னால் திரும்பிக் கத்த வேண்டியதுதான் பாக்கி. கொஞ்சம் குலுங்கட்டுமே, பெரிய இவன் என்று ஒரு கணம் நினைத்தார். அவர் வாய் "சரி" என்றது.

வரிசையில் கடைசி ஆள் அவரே என்பதுபோல.

பாலமும் தார்ச்சாலையும் சேருகிற இடத்தில் சக்கரம் முழுசாக உள்ளே போகிற அளவுக்குப் பிளவு. கைப்பிடிச் சுவர் இடிந்துபோன பக்கம். கீழே பாறை. அப்புறம் எல்லாரும் கேட்டபோது, "கத்தினேன், அவனுக்குக் கேக்கல, போன்ல இருந்தான்" என்று சொன்னார். கூடத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தவள் அதைக் கேட்டு நிமிர்ந்தாளே, அந்த முகத்தை ஒரு வருஷமாக அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். பெற்ற அம்மா "என் பெரியவன் தொண்டத்தண்ணி வத்தக் கத்தியும் விதி விடலியே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழ ஆரம்பித்த பிறகு எப்படிச் சொல்வது?

"போலாமா அத்தான்?" என்று அவள் எழுந்தாள். "பாலம் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுவீங்கல்ல? எனக்கு அந்த இடம் தெரியாது."

"எறக்கத்துல கடைசி வளைவு திரும்பினதும் பாலம். அந்தப் பிளவ தார் போட்டு அடைச்சாங்க, இந்த மழைல மறுபடி பேந்துடுச்சாம். முன்னாடியே நான் கத்துவேன். கத்தினதும் பிரேக் புடிச்சு எறங்கிடு. அதுவரைக்கும் என் குரல விடாம வா."

"ம்" என்றாள். "உங்க குரல நம்பித்தான் வர்றேன்."

ஏற்றம் ஏழு கிலோமீட்டர். சின்ன கியரில் போட்டு, மூச்சை எண்ணி எண்ணி மிதிக்க வேண்டும். இரண்டாவது வளைவில் மூடுபனி அவர்களை விழுங்கியது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஐந்தடி சாலை, அதற்கப்புறம் வெள்ளை. ஆற்றுச் சத்தம் கீழே தங்கிவிட்டது. இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர், செயினின் மெல்லிய உராய்வு, தன் மூச்சு, பின்னால் இன்னொரு மூச்சு. அவள் திணறாமல் சீராக வருகிறாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எட்டு மாதமாக ஓட்டுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு மூச்சா? நல்ல பழகின ஆளின் மூச்சு, ஏற்றத்தைப் பாதி விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவனின் மூச்சு. கூடவே ஒரு வாசனையும் வந்தது. தம்பி முழங்காலுக்குத் தேய்த்துவந்த தைலம், கற்பூரம் தூக்கலாக. அவளும் தேய்த்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டார். வலி இல்லாதவர் யார்?

திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் திரும்பினால் சைக்கிள் தடுமாறும். அதுதான் காரணம் என்றும் சொல்லிக்கொண்டார்.

முகம் பார்க்காமல் பேசுவது எளிது. ஐந்தாவது வளைவு தாண்டியபோது அவருக்கு அது தோன்றியது. இந்த வெள்ளைக்குள், எதிரே யாருமில்லாமல், சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். மேலே ஏறியதும் அவள் காறித் துப்பட்டும். அடிக்கட்டும். இதற்கு மேல் தாங்காது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றார்.

பின்னாலிருந்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

கேட்டாலும் நிறுத்த முடியவில்லை. ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்தது, உடைந்து வந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் கத்தல."

"அன்னிக்கு நான் கத்தல."

"போன் இல்ல காரணம். நீ இல்ல. எனக்குக் கேட்டுச்சு. பள்ளம்னு எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வேணும்னேதான் சொல்லாம விட்டேன்."

"போன் இல்ல காரணம். நீ இல்ல." அந்தக் குரல் ஒரு சொல்லையும் விடவில்லை. கோபமில்லை, அழுகையில்லை. வாங்கிப் பின்னால் கொடுக்கிற குரல். "பள்ளம்னு எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வேணும்னேதான் சொல்லாம விட்டேன்."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினார். அதிர்ச்சியில் சொன்னதையே சொல்கிறாள், பாவி நான் என்று நினைத்தார். இப்போது அழுவாள். இப்போது திட்டுவாள். ஒரு "சரி"யாவது சொல்வாள்.

மூச்சு மட்டும் கேட்டது.

உச்சியில் சாலை சமமாகும் இடத்தில் காலை ஊன்றி நின்றார். திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. ஈரச் சாலையும் வெள்ளைப் பனியும்தான். பனி ஒரு கணம் விலகியபோது, கீழே, இரண்டு மூன்று வளைவுகள் தள்ளி, அவளுடைய சைக்கிளின் முன்விளக்கு மினுக் மினுக்கென்று ஊர்ந்து வருவது தெரிந்தது. அரை கிலோமீட்டர் இருக்கும். அங்கேயிருந்து அவருடைய ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்டிருக்காது.

தைல வாசனை அப்படியே இருந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"அண்ணே" என்றது. "கோவமா?"

நின்றிருக்க வேண்டும். அவள் வரும்வரை அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் பயம் வந்தவனுக்கு அண்ணன் ஏது, அத்தான் ஏது. கால் தானாகப் பெடலில் ஏறியது. சைக்கிள் இறக்கத்தில் பாய்ந்தது.

காற்று காதை அறைந்தது. கண்ணில் தண்ணீர். வளைவு. பிரேக். ரப்பர் தீய்கிற நாற்றம். மறுபடி வளைவு. பின்னால் சக்கரம் சும்மா சுற்றும்போது எழுகிற டிக்டிக் சத்தம். அவருடையது அல்ல. அதைவிடக் கனமாக, வேகமாக, பக்கத்தில். அவர் வேகம் கூட்டினால் கூடியது. குறைத்தால் குறைந்தது. ஒரு கல் கிடந்தது, கத்தவில்லை. ஒரு பள்ளம், கத்தவில்லை. வாய் இறுகிப் போயிருந்தது. ஆற்றின் இரைச்சல் கீழிருந்து எழுந்து வந்து எல்லாவற்றையும் மூடியது.

வளைவு. பாலம்.

இரண்டு பிரேக்கையும் பிடித்தார். சைக்கிள் பக்கவாட்டில் வழுக்கியது. அவர் சாலையில் விழுந்து, தோள்பட்டை தேய, பிளவுக்கு ஓரடி முன்னால் வந்து நின்றார். பிளவு கரேலென்று வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடுவது தெரிந்தது.

உயிரோடு இருக்கிறோம் என்று முதலில் நினைத்தார். மனுஷ மனசு, அதைத்தான் முதலில் நினைக்கும். அப்புறம்தான் நெஞ்சில் இடி விழுந்தது. அவள். இந்நேரம் உச்சியைத் தாண்டியிருப்பாள். குரல் கேட்கவில்லை என்றால் சாலை சுத்தமாக இருக்கிறது, அத்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்து இறங்கி வருவாள். அவரைப் பிடிக்க வேகமாக வருவாள்.

"பள்ளம்!" என்று எழுந்து ஓடினார். அடியில் இரும்பு வைத்த சைக்கிள் ஷூ ஈரத் தாரில் வழுக்கியது. விழுந்தார். எழுந்தார். "பள்ளம்! நிறுத்தும்மா! பள்ளம்!" ஆறு அவர் குரலை வாய் விளிம்பிலேயே பறித்துக்கொண்டது. அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. ஷூவைப் பிய்த்து எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார். வளைவில் சாலையின் நடுவில் யாரோ இருப்பது தெரிந்தது.

சைக்கிளில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஏற்றத்தைப் பார்த்தபடி. முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகை அவருக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. தலைக்கவசத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது.

அவனைத் தாண்டி, மேலே, பனிக்குள் ஒரு சின்ன விளக்கு திரும்பி இறங்கியது.

"டேய்" என்றார். அவனைத் தாண்டிப் போகத் துணியாமல் கைகூப்பினார். "டேய், அவ வர்றாடா. நான் சொன்னது அவளுக்குக் கேக்காது. நீ கத்துடா. கண்ணா, என் சாமி, பள்ளம்னு ஒரு வார்த்த கத்துடா. தப்பு என்னோடது. அவ என்னடா பண்ணினா? பள்ளம்! பள்ளம்டா!"

அது கேட்டதற்கு அடையாளமாக அந்தத் தலை மெல்ல அசைந்தது. விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் ஹேண்டில்பார்மேல் குனிந்து, அவர் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, நம்பி, வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

தம்பி திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

"சரி" என்றான்.